ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? கேபிளைக் கடைசியில் தொடுங்கள்

எங்கள் ஐயா பினாங்கில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இப்போது கோட்டையூர் வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறது. வருடத்தில் பத்து மாதம் நின்றபடியேதான் இருக்கும். கல்யாணம், படைப்பு என்று வீடு திறக்கும்போது அதையும் வெளியே எடுப்போம். மூன்று வருடத்துக்கு முன் அப்படி எடுத்துப்போய், கண்மாய்க் கரை ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்கினேன். நாலு அடி நடப்பதற்குள் கார் பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து கால் பிரேக்கை மிதித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பட்டறையில், "அண்ணே, கேபிளை நல்லா இறுக்கி விட்டாச்சு, இனி பிரச்சினை வராது" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதன்பிறகு இந்த பிரேக்கை நானே பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறேன். சொந்தக்காரர் வீடுகளில் இருக்கும் இரண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்டது இதுதான்: நம் பக்கத்துப் பழைய கார்கள் ஓடித் தேய்ந்து கெடுவதைவிட, நின்று இறுகித்தான் அதிகம் கெடுகின்றன. கோளாறு பெரும்பாலும் டிரம்முக்குள், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளைக்குள் இருக்கும். கேபிளை இறுக்கினால் அந்தக் கோளாறு மறையும், தீராது.

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான வண்டி. ஹெரால்டின் சேஸைச் சுருக்கி அதன் மேல் கட்டியது. அந்த ஹெரால்டைத்தான் 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. பின்சக்கர பிரேக் அமைப்பு இரண்டுக்கும் ஒரே குடும்பம். ஆகவே வீட்டில் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளது பொருந்தும். பாகம் வாங்கும்போது மட்டும் பழையதைக் கையில் எடுத்துப்போய், அளந்து பார்த்து வாங்குங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள லீவரை இழுத்தால், முதல் கேபிள் வண்டிக்கு அடியில் இருக்கும் ஓர் இடைநெம்பை இழுக்கும். அந்த நெம்பில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு உண்டு. இரண்டாவது கேபிள் அந்தப் பிறையோடு சேர்ந்து இடது, வலது பின்சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு பக்கம் முதலில் பிடித்துக்கொண்டால் பிறை சற்றுத் திரும்பி, மிச்ச இழுவையை மறுபக்கத்துக்குக் கொடுக்கும். இரண்டு சக்கரமும் சமமாகப் பிடிப்பது இந்தச் சின்னத் துண்டின் பொறுப்பு.

பின்சக்கரத்தில் 7 அங்குல டிரம். அதற்குள் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் இரண்டு பிறைக் கட்டைகள், அதாவது ஷூ; அவற்றைத் தள்ள ஒற்றை பிஸ்டன் உள்ள ஒரு வீல் சிலிண்டர். இந்தச் சிலிண்டரைப் பேக் பிளேட்டில் (டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் தகடு) போல்ட் போட்டு இறுக்கியிருக்க மாட்டார்கள். ஒரு நீள்துளையில் இங்கும் அங்கும் வழுக்கும்படி விட்டிருப்பார்கள். பலருக்கு இது தெரியாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் சிலிண்டருக்குள் செருகியிருக்கும் சிறிய நெம்பு ஒரு ஷூவைத் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிர்விசையாகச் சிலிண்டரின் உடம்பு மறுபுறம் வழுக்கி, அடுத்த ஷூவைத் தள்ளும். துருவேறிச் சிலிண்டர் துளையில் ஒட்டிக்கொண்டால் ஒரு ஷூ மட்டும்தான் டிரம்மைத் தொடும். ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. முன்சக்கர டிஸ்க் பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறதே! ஏற்றத்தில் நிறுத்தும்போதுதான் தெரியும்.

காரைத் தூக்குவதற்கு முன்

நம் ஊர்க் கொட்டகைத் தரை பெரும்பாலும் செம்மண். காய்ந்திருக்கும்போது கல் போலத் தெரியும், எடை ஏறினால் ஜாக்கி சாயும். அடியில் கனமான பலகை போடுங்கள். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அடைகட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கியதும் சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உள்ளே தலையை விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுக்கவும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

இன்னொன்று. பழைய லைனிங்கில், அதாவது ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவது, பம்பில் காற்றடிப்பது இரண்டும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

லீவர் மேலே வரை வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

லீவர் நாலைந்து பல் (அதன் அடியில் உள்ள பல்சட்டத்தின் படிகள்) ஏறும்போதே வண்டி நின்றுவிட வேண்டும். எட்டு, பத்து என்று ஏறிக்கொண்டே போனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இங்கேதான் எல்லோரும் கேபிளை இறுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் லீவர் சீக்கிரம் நிற்கும், பிடித்த மாதிரி ஒரு தோற்றம் வரும். உள்ளே ஷூக்கள் அதே தூரத்தில்தான் இருக்கும்.

ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கி, கியரை நியூட்ரலில் வையுங்கள். பேக் பிளேட்டின் உட்பக்கம் சதுரத் தலையோடு ஒரு சின்ன அட்ஜஸ்டர் இருக்கும். சாதாரண ஸ்பேனரைப் போட்டால் அதன் முனைகள் மழுங்கிவிடும். பிரேக் அட்ஜஸ்டருக்கென்றே சதுர வாய் உள்ள ஸ்பேனர் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரச் சுற்றில் திருப்பினால் கால் சுற்றுக்கு ஒரு 'டக்' என்று கையில் தெரியும். சக்கரம் சுற்றாமல் இறுகும்வரை திருப்புங்கள். அப்புறம் கால் பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்து விடுங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் போய் உட்காரும், சக்கரம் மறுபடி தளரும். மறுபடி இறுக்கி, ஒரே ஒரு 'டக்' பின்னால் திருப்புங்கள். லேசான உரசல் சத்தம் இருக்கலாம், இழுத்துப் பிடிக்கக் கூடாது.

அட்ஜஸ்டர் அசையவே இல்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். துருவை இளக்கும் எண்ணெயைப் பின்பக்கத்திலிருந்து கொஞ்சமாக விட்டு ஓர் இரவு ஊறட்டும். லைனிங் பக்கம் வழியக் கூடாது. காலையில் முதலில் தளர்த்தும் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இங்கும் அங்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். தலை முறிந்தால் பேக் பிளேட்டையே இறக்க வேண்டியிருக்கும். அதற்குப் பின்சக்கர ஹப்பை உருவ வேண்டும். கூம்பு வடிவ அச்சில் இறுகிப் பிடித்திருக்கும் அந்த ஹப், இழுத்து உருவும் தனிக் கருவியான புல்லர் இல்லாமல் வராது. ஓர் இரவு பொறுப்பது அதைவிடச் சுலபம்.

லீவர் சீக்கிரமே இறுகி நிற்கிறது, ஆனால் வண்டி உருளுகிறது

எனக்குக் கண்மாய்க் கரையில் நடந்தது இதுதான். கையில் லீவர் கெட்டியாக நிற்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். இதற்கு டிரம்மைக் கழற்றாமல் வழியே இல்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம்மில் இரண்டு குழிவுத்தலை ஸ்க்ரூ தெரியும். திருப்புளியின் வாய் பொருந்தாவிட்டால் தலை கெட்டுவிடும். சுத்தியலால் தட்டினால் திரும்பும் வகைத் திருப்புளி இதற்குச் சிறந்தது. அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, டிரம் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கொட்டாப்புளியால் தட்டினால் கழன்று வரும். வார்ப்பிரும்பு என்பதால் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது ஈரம். லைனிங் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா? விரலால் தொட்டுப் பாருங்கள். நீர்த்து, வண்டியின் பெயின்ட்டை உரிக்கும் திரவமாக இருந்தால் அது பிரேக் ஆயில், சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. கெட்டியாக, கறுப்பாக இருந்தால் ஹப் பேரிங்கிலிருந்து வந்த கிரீஸ். நல்லது செய்வதாக நினைத்து ஹப்பில் அளவுக்கு மேல் கிரீஸ் அடித்தால் அது சீலைத் தாண்டி டிரம்முக்குள் வந்துவிடும். எங்கள் வண்டியில் இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும், நெருப்பில் காட்டினாலும் திரும்ப உயிர் வராது. கசிவை அடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் சேர்த்துப் புது ஷூ போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும்.

லைனிங் காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்றால் மேற்பரப்பு சூட்டில் மெழுகேறியிருக்கிறது. கேபிளை மிஞ்சி இறுக்கி, ஷூ எப்போதும் உரசிக்கொண்டே ஓடிய வண்டிகளில் இது வரும். புது லைனிங்காக இருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து ஒருமுறை பார்க்கலாம். ஆணித்தலை வரை தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் சிலிண்டர். இரு கைகளாலும் சிலிண்டர் உடம்பைப் பிடித்து நீள்துளையின் போக்கில் ஆட்டிப் பாருங்கள். விரல் பலத்துக்கே வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் உங்கள் நோய் இதுதான். நம் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு அதிகம் என்று யோசித்திருக்கிறேன். வெயில் காலம் முழுக்கச் செம்மண் தூசி பேக் பிளேட் இடுக்கில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தூசி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. காற்று நுழையாத இடுக்கில் அந்த ஈரம் காய்வதில்லை, துரு உள்ளேயே பருக்கிறது. உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய பிரிவை வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. அந்த வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிலிண்டர் நினைப்பு வந்துவிடும்.

சரி, கழற்றும் விதம். ஷூக்களை எடுப்பதற்கு முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறது என்பது மாட்டும்போது கட்டாயம் மறந்துபோகும். வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கத்தைத் திறந்தால் ஒன்று மற்றதற்கு மாதிரியாக இருக்கும். ஷூ இல்லாத நேரத்தில் கால் பிரேக்கை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். கொட்டகையில் குழந்தைகள் ஓடி விளையாடும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பின்பக்கத்தில் ரப்பர் உறையை உரித்தால், லாட வடிவத் தகடுகள் எதிரெதிராகச் செருகியிருப்பது தெரியும். அவைதான் சிலிண்டரைப் பிளேட்டோடு சேர்த்துப் பிடிக்கின்றன. திருப்புளியால் தட்டி வெளியே எடுங்கள். பிரேக் குழாயைக் கழற்றி முனையை மூடிவிட்டு, சிலிண்டரை வெளியே எடுத்து, நீள்துளையின் ஓரத்தையும் சிலிண்டரின் கழுத்தையும் கம்பிப் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். மாட்டும்போது அந்த ஓரங்களில் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லியதாக ஒரு பூச்சு. ரப்பர் தொடும் இடங்களில் சிவப்பு ரப்பர் கிரீஸ் மட்டும்தான். சாதாரண கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிப் போகும். பிஸ்டன் ஓடும் துளைக்குள் குழி குழியாக அரித்திருந்தால் ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். குழாயைக் கழற்றிய பிறகு பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓடாத வண்டி என்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ரப்பர் உறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிழிந்த உறையோடு மாட்டினால் அடுத்த மழைக்கு இதே வேலை மறுபடி வரும்.

ஒரு சக்கரம் பிடிக்கிறது, மற்றொன்று சுற்றுகிறது

இரண்டு பின்சக்கரமும் தரையை விட்டு உயர்ந்திருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக லீவரை ஏற்ற, நீங்கள் வெளியே சக்கரங்களைத் திருப்பிப் பாருங்கள். பிடிக்காத பக்கத்தில் மேலே சொன்ன அட்ஜஸ்ட்மென்ட், சிலிண்டர் இரண்டையும் முதலில் பாருங்கள். அவை சரி என்றால் வண்டிக்கு அடியில் உள்ள இடைநெம்பையும் பிறையையும் பார்க்க வேண்டும்.

இவற்றின் அச்சுகள் சாலைத் தூசியும் சேறும் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கின்றன. பல வண்டிகளில் கிரீஸ் கண்டே பல வருடம் ஆகியிருக்கும். பிறை திரும்பாவிட்டால் அது சமப்படுத்தும் வேலையைச் செய்யாது, ஒரு பக்கமே எல்லா இழுவையையும் வாங்கிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவி, அச்சைக் கழற்றித் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சு தேய்ந்து ஆடினால் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கலாம். கேபிள் முனைகளில் கேபிளை நெம்போடு இணைக்கும் கவைகளின் பின்களையும் (ஊசிகள்) பாருங்கள். பாதியாகத் தேய்ந்த ஒவ்வொரு பின்னும் லீவரில் ஒரு பல் இழப்பு.

ஹேண்ட் பிரேக் விடுபடவில்லை

லீவரை இறக்கிய பிறகும் வண்டி கனமாக நகர்ந்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 'சுர்ர்' என்று ஆவியானால் அந்தப் பக்கம் உரசிக்கொண்டிருக்கிறது. பேக் பிளேட் நெம்பை இழுத்து விடும் சிறிய ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், கேபிள் சேஸின் வழித்துளைகளில் துருவேறிச் சிக்கியிருக்கலாம். யாராவது கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியும் இருக்கலாம். கவைப் பின்னைக் கழற்றிக் கேபிளை விடுவித்ததும் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றினால் குற்றம் கேபிள் பக்கம். அப்போதும் இறுக்கமாக இருந்தால் டிரம்முக்குள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் சக்கரம் அசையவே இல்லையென்றால் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கிறது. பலர் முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தி வெட்டென்று கிளட்சை விடுகிறார்கள். ஸ்பிட்ஃபயரின் பின்அச்சு மூட்டுகள் அந்த அதிர்ச்சிக்கு ஆகாதவை. லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து வந்துவிடவும் கூடும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிக் கொட்டாப்புளியால் தட்டி, வண்டியை இரண்டு பேர் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் 'டப்' என்று விடும். விட்டதும் அப்படியே ஓட்டிப் போகாமல் கழற்றிப் பாருங்கள்.

லீவர் மேலே நிற்காமல் விழுகிறது

இது அபூர்வம். கார்ப்பெட்டை விலக்கி லீவரின் அடியைப் பார்த்தால் பல்சட்டமும் அதில் விழும் கொக்கியும் தெரியும். அழுக்கேறியிருந்தால் மண்ணெண்ணெய் போதும். கொக்கியின் முனை உருண்டு போயிருந்தால் அரத்தால் கூராக்கிச் சமாளிக்க வேண்டாம், மாற்றுங்கள். பட்டன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

பழைய எம்ஜி டிசி போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் லீவர் தானாக விழுவது கோளாறு இல்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால்தான் பூட்டும், கொஞ்சம் இழுத்தாலே விடுபடும்.

கேபிள், இப்போது

மேலே உள்ளதெல்லாம் முடிந்து, லீவர் இன்னும் ஆறு பல்லுக்கு மேல் ஏறினால் மட்டும் கேபிளுக்கு வாருங்கள். பின்சக்கரப் பக்கக் கவைகளின் லாக் நட்டைத் தளர்த்தி, பின்னை எடுத்து, கவையை உள்ளே திருகுங்கள். இடது பக்கம் இரண்டு சுற்று என்றால் வலது பக்கமும் இரண்டு சுற்று. புது ஸ்பிலிட் பின் போடுங்கள், பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் முறியும். லீவர் முழுதாக இறங்கியிருக்கும்போது கேபிளில் துளி தொய்வு இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள் தூக்கும்போது உள்நோக்கிச் சாய்ந்து தொங்கும், கேபிளின் இழுவையும் மாறும். ஆகவே வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்ச தூரம் உருட்டி, மறுபடி ஒருமுறை பாருங்கள். இழை பிரிந்த கேபிளை முடிச்சுப் போட்டோ வெல்டு வைத்தோ ஓட்டாதீர்கள்.

சோதனைக்கு நம் ஊரில் மேடு தேட வேண்டும். நான் அதே கண்மாய்க் கரைக்குத்தான் போகிறேன். ஏற்றத்தில் முகம் மேலே பார்க்க ஒருமுறை, கீழே பார்க்க ஒருமுறை. இரண்டு திசையிலும் பிடிக்க வேண்டும், ஏனென்றால் டிரம் பிரேக்கில் திசைக்கு ஒரு ஷூ அதிகம் பிடிக்கும். பக்கத்தில் ஒருவர் அடைகட்டையோடு நிற்கட்டும், நீங்கள் சீட்டிலேயே உட்கார்ந்து காலை பிரேக்குக்கு மேல் தயாராக வைத்திருங்கள்.

விசேஷம் முடிந்து வீட்டைப் பூட்டும் நாளில் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு, முதல் கியரில் போட்டு, நாலு அடைகட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போங்கள். ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிடுகிறேன்: "கியரில் இருக்கிறது, பிரேக் போடவில்லை." அடுத்த தடவை சாவியைத் திருப்புவது நானாக இருக்க வேண்டும் என்பதில்லையே.